ஆந்தையின் இரையில் புழுப்பாம்பைக் கண்டறிவது எப்படி

ஆந்தை ஓர் எலியைத் தின்றால் மண்டை ஓடும் தாடையும் பல்லும் மறுநாள் அதன் உமிழ் உருண்டைக்குள், அதாவது செரிக்காதவற்றை உருட்டி அது வாய்வழியே கக்கும் உருண்டைக்குள், கிடக்கும்; அதைக் கண்டுபிடிக்கப் பெரிய பயிற்சி தேவையில்லை. அதே ஆந்தை, காலணிக் கயிற்றின் பருமனே உள்ள ஒரு புழுப்பாம்பை விழுங்கியிருந்தால், மிஞ்சுவது கடுகைவிடச் சிறிய சில முள்ளெலும்புகளும், மெல்லிய விலா எலும்புத் துணுக்குகளும், அதிர்ஷ்டம் இருந்தால் கொஞ்சம் பளபளப்பான செதில்களும்தான். ஆந்தைகளின் உணவுப் பட்டியல்கள் பலவற்றில் மண்ணுக்குள் வாழும் சிறு பாம்புகள் இடம்பெறாததற்கு, ஆந்தை அவற்றைத் தின்னாததுதான் காரணம் என்று உடனே முடிவுகட்டிவிட முடியாது. தேடியவர் கையாண்ட முறையே அவற்றைத் தொலைத்திருக்கவும் கூடும். அப்படித் தொலைக்காமல் தேடுவதற்கான வழிகாட்டி இது. உமிழ் உருண்டை, கூட்டின் அடியில் படியும் குப்பை, கூட்டு வாயிலில் வைக்கும் கேமரா ஆகிய மூன்று வழிகளையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அவற்றில் உருண்டைக்கே அதிக இடம் தருகிறேன், ஏனென்றால் தவறுகள் அதிகம் நேர்வது அங்கேதான்.

தேடப்போகும் இரையைப் பற்றி

எதைத் தேடுகிறோம் என்பது மனத்தில் தெளிவாக இல்லாவிட்டால் லென்ஸுக்கு அடியில் கிடந்தாலும் அது கண்ணில் படாது. புழுப்பாம்பு என்று பொதுவாக அழைக்கப்படுபவற்றுள் டிஃப்லோபிடே, லெப்டோடிஃப்லோபிடே என்னும் இரண்டு குடும்பங்கள் முக்கியமானவை. இவற்றின் கண்கள் செதிலுக்கு அடியில் கரும்புள்ளிகளாக மட்டுமே தெரியும். தலைக்கும் கழுத்துக்கும் வேறுபாடு இருக்காது. வால் மிகக் குட்டையாக இருக்கும், பெரும்பாலும் அதன் நுனியில் ஒரு சிறு முள் அமைந்திருக்கும். மற்றப் பாம்புகளின் அடிவயிற்றில் அகலமான பட்டைச் செதில்கள் வரிசையாக இருக்க, இவற்றிலோ முதுகுச் செதிலும் வயிற்றுச் செதிலும் ஒரே அளவில், ஒரே வடிவத்தில், வழவழப்பாக உடலைச் சுற்றி அமைந்திருக்கும். பூந்தொட்டி மண்ணோடு பயணம் செய்து உலகின் வெப்பப் பகுதிகள் பலவற்றுக்கும் பரவிவிட்ட இண்டோடிஃப்லோப்ஸ் பிராமினஸ் என்னும் இனத்தில் உடலைச் சுற்றி 20 வரிசைச் செதில்கள் இருக்கும். லெப்டோடிஃப்லோபிடே குடும்பத்தில் பெரும்பாலான இனங்களுக்கு 14 வரிசைகள். முதலாவது இனத்தில் ஆணே இல்லை. பெண் பாம்புகள் தாமாகவே முட்டையிட்டுப் பெருகுகின்றன. ஒரே ஒரு பாம்பு புதிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும் அங்கே ஒரு கூட்டம் உருவாகிவிடுவதால், அவ்விடத்து ஆந்தைக்கு முன்பு இல்லாத ஓர் இரை கிடைக்கத் தொடங்குகிறது.

பல இனங்கள் ஒரு சாணுக்குக் குறைவான நீளமுடையவை. பார்படோஸ் தீவில் கண்டறியப்பட்டு 2008-இல் விவரிக்கப்பட்ட டெட்ராகெய்லோஸ்டோமா கார்லே என்னும் இனம் ஏறத்தாழ 10 செ.மீ. நீளமே வளர்கிறது, மறுபுறம், ஆப்பிரிக்காவின் சில இனங்கள் அதைப் போலப் பல மடங்கு நீளமானவை. உணவு எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டையும் இளம்புழுவும் கூட்டுப்புழுவுமே. மண்ணுக்குள் வாழும் இவை பறவையின் பிடியில் எப்படிச் சிக்குகின்றன என்ற கேள்விக்கு விடை இந்த உணவிலேயே இருக்கிறது: எறும்பின் தடத்தை மோப்பம் பிடித்துக்கொண்டு இரவில் மேலே ஊர்ந்து வருகின்றன, சில வேளைகளில் மரத்திலும் ஏறுகின்றன, மழையால் மண் நீரில் ஊறும்போதும் வெளியே வருகின்றன. ஆகவே மழைக்குப் பிந்தைய சில நாட்களில் சேகரித்த உருண்டைகளைத் தனியே பிரித்து வைப்பது நல்லது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர் அங்கிருந்தே தொடங்கலாம்.

மண்ணைத் துளைத்து வாழும் பாம்புகள் எல்லாம் புழுப்பாம்பு அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் கேடயவால் பாம்புகள் அவற்றைவிடப் பருமனானவை, வால் நுனி சொரசொரப்பான செதில்களால் தடித்திருக்கும், எலும்பும் பெரிது. இங்கே சொல்லும் முறை அவற்றுக்கும் பொருந்தும், ஆனால் சிரமம் பாதிதான்.

உருண்டைகளைச் சேகரித்தல்

ஆந்தைக்குத் தீனிப்பை கிடையாது. விழுங்கிய இரை நேராகச் சுரப்பி இரைப்பைக்கும், அங்கிருந்து தசை மிகுந்த அரைவைப்பைக்கும் போகிறது. தசை கரைந்து குடலுக்குள் இறங்கியபின் மிஞ்சும் மயிர், எலும்பு, செதில், பூச்சியின் ஓடு ஆகியவை உருட்டி இறுக்கப்பட்டு, சில மணி நேரத்துக்குப் பின் வாய்வழியே வெளியேறுகின்றன. இது எச்சம் அன்று. குடல்வழி வந்தது அன்று. பருந்தும் வல்லூறும்கூட உருண்டை கக்குபவைதான், ஆனால் அவற்றின் இரைப்பை அமிலம் ஆந்தையினுடையதைவிடக் கடுமையானது என்பதால் எலும்பு பெரும்பாலும் கரைந்துவிடும். நுண்ணிய எலும்பைத் தேடுபவருக்கு ஆந்தை ஏன் ஏற்ற பறவை என்பதற்கு இதுவே காரணம்.

பகலில் ஆந்தை அடையும் கிளைக்குக் கீழும், பொந்து மரத்தின் அடியிலும், பாழடைந்த கட்டடத்தின் உத்தரத்துக்குக் கீழும் தேடுங்கள். கூகையின் புதிய உருண்டை கரிய நிறத்தில், ஈரப் பளபளப்போடு, கட்டைவிரல் பருமனில் இருக்கும். நாளாக நாளாகச் சாம்பல் நிறமாகி உதிரத் தொடங்கும். புள்ளி ஆந்தை போன்ற சிறிய ஆந்தைகளின் உருண்டை அதில் பாதி அளவே இருக்கும். மயிரைவிட வண்டுகளின் இறக்கை உறைகளே அதில் மிகுதியாகக் காணப்படுவதால் கையில் எடுக்கும்போதே நொறுங்கிவிடும். இந்த நொறுங்கலைக் காரணம் காட்டிச் சிறிய ஆந்தைகளின் உருண்டைகளைப் பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். அது பிழை என்பேன். புழுவையும் வண்டையும் தரையிலிருந்து பொறுக்கித் தின்னும் பழக்கமுள்ள சிறிய ஆந்தைதான் புழுப்பாம்பையும் பொறுக்குவதற்கு அதிக வாய்ப்புள்ளது. எலியையே நம்பி வாழும் பெரிய ஆந்தையின் ஐந்நூறு உருண்டைகளைப் பிரித்துப் பார்த்து ஏமாறுவதைவிட, சிறிய ஆந்தையின் ஐம்பதை நிதானமாகப் பார்ப்பது மேல்.

ஒவ்வோர் உருண்டையையும் தனித்தனிக் காகித உறையில் இட்டு, நாள், இடம், எந்த மரம் அல்லது எந்த உத்தரம், ஆந்தையை நேரில் பார்த்தீர்களா அல்லது ஊகமா, கடைசியாக மழை பெய்தது எப்போது ஆகிய விவரங்களை உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள். பிளாஸ்டிக் உறையில் பூஞ்சணம் பிடிக்கும். உதிர்ந்து குவியலாகக் கிடப்பதை அள்ள வேண்டாம். அள்ளினாலும் அதை முழு உருண்டைகளோடு கலக்காமல் தனியே வையுங்கள். குவியலிலிருந்து கிடைத்த எலும்பு ஏன் வலுவில்லாத சான்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

காய்ந்த உருண்டையை அந்துப்பூச்சியின் புழு அரித்துத் தின்னும். உறைகுளிர் பெட்டியில் சில நாட்கள் வைத்தால் அது அடங்கும். ஆனால் சால்மொனெல்லா நுண்ணுயிரை உறைகுளிர் கொல்லாது. அமெரிக்காவில் ஆரம்பப் பள்ளி மாணவர்கள் உமிழ் உருண்டைகளைப் பிரித்துப் பார்த்ததன் விளைவாக அந்த நோய்த்தொற்று பரவிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. எனவே கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். உணவு உண்ணும் மேசையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். அலுமினியத் தாளில் சுற்றி, அடுப்புச் சூளையில் ஏறத்தாழ 160 பாகை செல்சியஸில் 40 நிமிடம் வைத்து எடுப்பது பரவலாகப் பின்பற்றப்படும் முறை. உலர்வெப்பம் நுண்ணெலும்பை நொறுங்கும் தன்மையுடையதாக்கும் என்பதால், சூளையிலிருந்து எடுத்ததும் இடுக்கியை வைக்காமல், ஈரக் காற்று உள்ள மூடிய டப்பாவில் ஓர் இரவு வைத்து இளக விடுங்கள்.

பிரித்தல்: முதலில் உலர்வாக, பிறகு ஈரமாக

உருண்டைகளை விரைவாகப் பிரிக்க விரும்புபவர்கள் அவற்றைக் காஸ்டிக் சோடா கரைசலில் சில மணி நேரம் ஊற வைப்பது வழக்கம்; மயிர் கரைந்து, எலும்பு மட்டும் சுத்தமாக அடியில் தங்கும். எலியின் மண்டை ஓடுகளை எண்ணுபவருக்கு அது அருமையான முறை. நமக்கு அதுவே பகை. மயிர் எந்தப் பொருளால் ஆனதோ அதே கெரட்டினால் ஆனதுதான் பாம்பின் செதிலும். மயிரைக் கரைக்கும் காரம் செதிலையும் சேர்த்தே கரைத்துவிடும். வண்டின் ஓடு கைட்டினால் ஆனது என்பதால் அது மட்டும் தப்பிக்கும். இப்படிப் பெறப்பட்ட பட்டியலில் எலியும் வண்டும் நிறைந்து, பாம்பு இல்லாமல் போவதில் வியப்பு ஒன்றுமில்லை. ஆகவே காரத்தைத் தொடாதீர்கள்.

வெள்ளைத் தட்டின் மேல் உருண்டையை வைத்து, முதலில் அதன் வெளிப்பரப்பை லென்ஸால் சுற்றிப் பாருங்கள். பக்கவாட்டிலிருந்து விளக்கொளி படும்படி வைத்துக்கொண்டால் செதில் இருந்தால் மினுங்கும், மயிர் மினுங்காது. வண்டின் ஓடும் மினுங்கும்தான், ஆனால் அது தடிப்பாகவும் வளைவாகவும் நிறம் கொண்டதாகவும் இருக்கும். செதிலோ மீனின் செதிலைப் போல ஒளி ஊடுருவும் மெல்லிய தகடு. புழுப்பாம்பின் தோல் சில வேளை துண்டாகவே மிஞ்சும். அப்போது ஒரே அளவுச் செதில்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதைக் காணலாம். அத்துண்டை அசையாமல் எடுத்துத் தனிக் குப்பியில் இடுங்கள். அகலமான பட்டைச் செதில் கிடைத்தால் அது வேறு வகைப் பாம்பு.

அதன்பின் உருண்டையை இரண்டு ஊசிகளால் பிளக்கலாம். இடுக்கியால் பிடித்து இழுக்காதீர்கள். மயிருக்குள் சிக்கிய விலா எலும்பு இழுக்கும்போது ஒடியும். உலர்வாகப் பார்த்து முடித்த பிறகே வெந்நீரும் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்புநீரும் சேர்த்து ஊற வையுங்கள். மயிர்க்கொத்து இளகியதும் அதை விரலால் பிசையாமல், கிண்ணத்திலேயே மெதுவாக அலசி, நீரைச் சல்லடையில் ஊற்றுங்கள். சல்லடையின் கண் 0.5 மி.மீ. அளவுக்கு மேல் இருக்கக் கூடாது. தேநீர் வடிகட்டியை எடுத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: நாம் தேடும் எலும்பின் அகலமே ஒரு மில்லிமீட்டர் அளவுதான், வடிகட்டியின் கண் வழியே அது நீரோடு போய்விடும். முதல் ஆண்டில் நான் அப்படித்தான் எத்தனையோ உருண்டைகளின் கழுவுநீரைச் செடிக்கு ஊற்றினேன். எதை ஊற்றினேன் என்பதை இனி அறிய வழியில்லை.

சல்லடையில் தங்கியதைக் கறுப்புத் தட்டில் பரப்பி உலர்த்துங்கள். உலர்வாகப் பார்க்கும்போது வெள்ளைத் தட்டும், கழுவிய பிறகு கறுப்புத் தட்டும் என்று மாற்றிக்கொள்வது சிறு உபாயம்தான். கழுவிய எலும்பு வெண்மையாகிவிடுவதால் கறுப்பின் மேல் எளிதில் தெரியும். மயிர்க்கொத்தை வீசிவிடாமல் இரண்டாம் முறையும் அலசுங்கள். மென்மையான விலா எலும்புகள் பெரும்பாலும் இரண்டாம் அலசலில்தான் வெளிவரும்.

முள்ளெலும்பை அடையாளம் காணுதல்

மண்டை ஓட்டை எதிர்பார்த்து இருக்காதீர்கள். புழுப்பாம்பின் மண்டை இறுக்கமாகக் கட்டப்பட்டதுதான் என்றாலும் அளவில் அரிசிமணிக்கும் சிறியது. பல வேளைகளில் நொறுங்கியே கிடைக்கும். எண்ணிக்கையில் மிகுதியாக இருப்பது முள்ளெலும்பு. ஒரு சிறு பாம்பின் உடலிலேயே அது நூற்றுக்கும் மேல் உண்டு. பல இனங்களில் இருநூறை ஒட்டி வரும். ஆகவே அதையே முதல் சான்றாகக் கொள்ள வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ‘இது முள்ளெலும்பு’ என்று சொல்லும்; ‘யாருடையது’ என்று சொல்ல 20 முதல் 40 மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கி வேண்டும்.

எலும்பை முன்புறமாகத் திருப்புங்கள். பாம்பின் முள்ளெலும்பின் உடற்பகுதியில் முன்பக்கம் குழியும் பின்பக்கம் உருண்டையும் இருக்கும். ஒன்றின் உருண்டை அடுத்ததன் குழிக்குள் பொருந்தும். பல்லியிலும் பெரும்பாலும் இப்படித்தான். பாம்பைப் பிரித்துக் காட்டுவது அதற்கு மேலே உள்ள வளைவில் இருக்கிறது: முன்புறம் ஆப்பு போன்ற ஒரு புடைப்பும், பின்புறம் அந்த ஆப்பு செருகும் இரட்டைக் குழியும் காணப்படும். இந்தக் கூடுதல் மூட்டு எல்லாப் பாம்புகளுக்கும் உண்டு, பெரும்பாலான பல்லிகளுக்கு இல்லை. அது இருப்பதை உறுதி செய்துகொண்டு, பிறகு மேல்வளைவைப் பாருங்கள். மற்றப் பாம்புகளில் அதன் மேல் சுறாவின் துடுப்பைப் போல ஒரு தகடு நிமிர்ந்து நிற்கும். புழுப்பாம்பில் அது இருக்காது, வளைவு தட்டையாகவும் அகலமாகவும் அமுங்கியிருக்கும். விலா எலும்பு பொருந்தும் பக்கப் புடைப்பு, மற்றப் பாம்புகள் பலவற்றில் இரண்டாகப் பிரிந்து தெரிய, புழுப்பாம்பில் ஒரே உருண்டையாக இருக்கும். மண்ணைத் தலையால் முட்டித் துளைத்துச் செல்லும் உடலுக்கு முதுகில் நிமிர்ந்த தகடு எதற்கும் உதவாது என்று நினைத்துக்கொண்டால் இந்த அடையாளம் மறக்காது.

தாடை கிடைத்தால் அது பொக்கிஷம். டிஃப்லோபிடே குடும்பத்தில் பற்கள் மேல்தாடையில் மட்டுமே இருக்கும், கீழ்த்தாடையில் ஒன்றும் இராது. லெப்டோடிஃப்லோபிடே குடும்பத்தில் இது தலைகீழ், கீழ்த்தாடையில் மட்டுமே பல் உண்டு. பல்லுள்ள ஒரு துண்டு எந்தத் தாடையைச் சேர்ந்தது என்று தெரிந்தாலே குடும்பம் தெரிந்துவிடும். இனம் வரை போக முயல வேண்டாம். எலும்பை மட்டும் வைத்து இனம் சொல்பவரைச் சற்றே சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

ஏமாற்றுபவை சில உண்டு. எலியின் வால் முள்ளெலும்பு அளவில் ஒத்திருக்கும், ஆனால் நீண்ட குச்சி வடிவமுடையது. மேல்வளைவு அநேகமாக இருக்காது. குறிப்பேட்டில் நான் ‘பாம்பு’ என்று எழுதிப் பின் அடித்தவற்றில் பெரும்பாலானவை இந்த எலிவால்கள்தான். மண்ணுக்குள் வாழும் காலில்லா நீர்நில வாழ்வியான சிசிலியன், உயிரோடு இருக்கும்போது புழுப்பாம்பைப் போலவே தோன்றும். அதன் முள்ளெலும்பிலோ முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் குழியே இருக்கும். மீனின் முள்ளெலும்பும் அப்படித்தான். காலில்லாத அரணைகளின் எலும்பு மிக நெருக்கமாக ஒத்தது. அந்தக் கூடுதல் ஆப்புமூட்டைத் தேடுவது ஒன்றே வழி. மண்புழு எலும்பே இல்லாதது, ஆனாலும் தடயம் விடும்: நுண்ணோக்கியில் வளைந்த சிறு பொன்னிற முட்கள் தெரிந்தால் அவை மண்புழுவின் உடல்முட்கள். பூரானின் கண்டங்களைச் செதில் என்று நினைத்துவிடுபவர்களும் உண்டு; கைட்டினாலான அக்கண்டங்கள் நிறமும் தடிப்பும் கொண்டிருப்பதால் இரண்டாம் பார்வையில் பிடிபட்டுவிடும்.

எத்தனை பாம்பு?

முள்ளெலும்புகளை எண்ணி, இருநூறால் வகுத்துச் சொல்லும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். எத்தனை கரைந்தன, எத்தனை சல்லடையைத் தாண்டின என்று யாருக்கும் தெரியாது. இடத் தாடைகளை ஒரு பக்கமும் வலத் தாடைகளை ஒரு பக்கமும் அடுக்கி, எந்தப் பக்கம் கூடுதலோ அந்த எண்ணையே குறைந்தபட்ச எண்ணிக்கையாகக் கொள்ளுங்கள். தாடையே இல்லாமல் முள்ளெலும்புகள் மட்டும் கிடைத்தால், அவை பத்தாக இருந்தாலும் நூறாக இருந்தாலும், அந்த உருண்டைக்கு ஒரு பாம்பு என்றே எழுதுங்கள்.

தின்றது ஆந்தைதானா?

எலும்பு கிடைத்துவிட்டது என்பதாலேயே ஆந்தை அந்தப் பாம்பைப் பிடித்தது என்று ஆகிவிடாது. தேரையும் புழுப்பாம்பை விழுங்கும், பாம்புண்ணும் பாம்புகளும் விழுங்கும். வயிறு நிறைந்த தேரையை ஆந்தை பிடித்தால் இரண்டும் ஒரே உருண்டைக்குள் வந்து சேரும். அதனால் புழுப்பாம்பின் எலும்போடு அதே உருண்டையில் வேறு எவை இருந்தன என்பதை விடாமல் எழுதுங்கள். தேரை விழுங்கிய புழுப்பாம்பு எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதற்குத் தீமோர் தீவின் கிழக்குப் பகுதியில் பதிவான ஒரு நிகழ்வு உண்டு. ஆசியத் தேரை ஒன்றின் குடல்வழியே முழுதாகப் பயணித்து ஒரு புழுப்பாம்பு உயிரோடு வெளியே வந்ததை ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்டார்கள். உடலெங்கும் இறுக்கமாக மூடிய வழுக்குச் செதில்களின் பலத்தை இதிலிருந்து ஊகிக்கலாம்.

இன்னொரு வழியும் உண்டு, அதைப் பலர் கருதுவதில்லை. உருண்டைகள் குவிந்து மக்கும் இடத்தில் ஈயின் புழுக்களும் வண்டின் புழுக்களும் மொய்க்கும், எறும்பும் வரும். புழுப்பாம்புக்கு அது விருந்து. ஆந்தை கொண்டுவராமலே அது அங்கு வந்து வாழ்ந்து செத்திருக்கலாம். ஆகவேதான் முழு உருண்டைக்குள் மயிரோடு பின்னிக் கிடந்த எலும்பை மட்டும் இரைக்கான சான்றாகக் கொள்ள வேண்டும், குவியலில் தனித்துக் கிடந்ததை அப்படிக் கொள்ளக் கூடாது.

கூட்டில் உயிரோடு இருக்கும் பாம்பு

புழுப்பாம்பும் ஆந்தையும் சேரும் கதையில் மிக விசித்திரமான பகுதி கூட்டுக்குள் நடக்கிறது. டெக்சாஸ் மாநிலத்தில் கிழக்கத்திய கீச்சாந்தைகளின் கூடுகளைப் பல ஆண்டுகள் கவனித்துவந்த ஃபிரெடெரிக் கெல்பாக், ராபர்ட் பால்ட்ரிட்ஜ் ஆகிய இருவரும் 1987-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த ஆந்தைகள் மற்ற எல்லா இரைகளையும் கொன்றே குஞ்சுகளிடம் கொண்டுவந்தன. டெக்சாஸ் புழுப்பாம்பை மட்டும் உயிரோடு கொண்டுவந்தன. சில பாம்புகளைக் குஞ்சுகள் தின்றன. பெரும்பாலானவை நழுவிக் கூட்டின் அடிக்குப்பைக்குள் புகுந்து, எச்சத்திலும் மீந்த இரையிலும் பெருகும் மென்மையான பூச்சிப் புழுக்களைத் தின்று அங்கேயே வாழ்ந்தன. பாம்பு இருந்த கூடுகளின் குஞ்சுகள், அதே பருவத்தில் பாம்பு இல்லாத கூடுகளின் குஞ்சுகளைவிட வேகமாக வளர்ந்தன, குறைவாகவே இறந்தன. குஞ்சுகளை ஒட்டுண்ணும் புழுக்களையோ, சேமித்த உணவில் பங்குபோடும் புழுக்களையோ பாம்பு குறைத்ததால் இப்படி நேர்ந்திருக்கலாம் என்பது அவர்களின் கருத்து. இதைப் படித்துவிட்டு, ஆந்தை வீட்டைச் சுத்தம் செய்யப் பாம்பை வேலைக்கு வைக்கிறது என்று எழுதுபவர்களைக் காண்கிறேன். ஆந்தையின் நோக்கம் அதுவாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. வழுக்கும் உடலும் இறுகிய செதிலும் கொண்ட இரையைக் கொல்வது கடினம் என்பதும் போதுமான காரணமாகலாம்.

நம் வேலைக்கு இதிலிருந்து கிடைப்பது ஒரு முக்கியமான பாடம்: கூட்டுக்கு வந்து சேர்ந்த பாம்புகளில் பெரும்பகுதி எந்த உருண்டையிலும் தென்படாமல் போகலாம். எனவே கூட்டுப்பெட்டி வைத்திருப்பவர் அடிக்குப்பையையும் பார்க்க வேண்டும். முட்டையிட்ட கூட்டையோ குஞ்சுள்ள கூட்டையோ திறக்காதீர்கள். தாய் கூட்டைக் கைவிடக்கூடும், பல நாடுகளில் அது சட்டத்துக்கும் புறம்பானது. குஞ்சுகள் பறந்துபோனதை உறுதி செய்துகொண்டு, அதற்கு அடுத்த ஓரிரு நாட்களுக்குள் குப்பையைத் திறந்து பாருங்கள். தாமதித்தால் குப்பை உலரும். ஈரம் இல்லாத இடத்தில் புழுப்பாம்பு தங்காது.

குப்பையை அகன்ற தட்டில் சிறுசிறு கைப்பிடியாகப் பரப்பி, மேலிருந்து ஒளி பாய்ச்சுங்கள். பாம்பு ஒளியை விட்டு விலகிக் கீழே இறங்கும். ஆகவே மேல்பகுதியை ஒதுக்கிக்கொண்டே போய் அடியைக் கவனியுங்கள். மண்ணுயிர்களைப் பிரிக்கப் பயன்படும் விளக்குப் புனலை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அந்த வெப்பம் பாம்பை உலர்த்திக் கொன்றுவிடும். கிடைத்த பாம்பை ஈரமண் இட்ட டப்பாவில் வைத்து, நீளத்தை அளந்து, உடலில் அலகின் தழும்போ ஆறிய காயமோ இருக்கிறதா என்று பாருங்கள். தழும்பு இருந்தால் அது தானாக ஏறி வந்தது அன்று, பறவை தூக்கிவந்தது என்பதற்கு அதுவே நல்ல சான்று. படம் எடுத்து முடித்ததும் அதே மரத்தடியின் ஈரமண்ணில் விட்டுவிடுங்கள். இவற்றுக்கு நஞ்சு கிடையாது. ஆனாலும் புழுப்பாம்பு என்று உறுதியாகத் தெரியாத எந்தச் சிறு பாம்பையும் வெறுங்கையால் தொடாதீர்கள்.

கேமரா

கூட்டு வாயிலை நோக்கி அகச்சிவப்புக் கேமரா பொருத்தினால் ஆந்தை எதைக் கொண்டுவருகிறது என்பதை நேரில் பார்க்கலாம். ஆந்தை குடிவருவதற்கு முன்பே கேமராவைப் பொருத்திவிடுங்கள். நிழற்படம் போதாது, சில விநாடிக் காணொளி தேவை, ஏனென்றால் அலகில் தொங்குவது பாம்பா மண்புழுவா என்பதை அசைவுதான் சொல்லும். மண்புழு நீண்டும் சுருங்கியும் நெளியும், பருமன் இடத்துக்கு இடம் மாறும். பாம்பின் பருமன் மாறாது. பக்கவாட்டில் வளைந்து அலகைச் சுற்றிக்கொள்ளும். அலகின் நீளத்தை அளவுகோலாக வைத்து இரையின் நீளத்தை மதிப்பிடலாம். ஐயம் இருந்தால் ‘புழு வடிவ இரை, இனம் தெரியவில்லை’ என்றே பதியுங்கள். அந்தத் தலைப்புக்குக் கீழ் நிறைய பதிவுகள் சேர்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கிடைக்காதபோது என்ன எழுதுவது?

பெரும்பாலான உருண்டைகளில் பாம்பு இருக்காது. ‘இல்லை’ என்று எழுதும்போது எப்படித் தேடினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: உலர்வாகப் பார்த்தீர்களா, சல்லடையின் கண் எவ்வளவு, நுண்ணோக்கி பயன்படுத்தினீர்களா, எத்தனை உருண்டை முழுமையானவை. வளரும் குஞ்சுகள் எலும்பை முதிர்ந்த ஆந்தையைவிட அதிகமாகச் செரித்துவிடுவதால், குஞ்சுகளின் உருண்டைகளைத் தனிப் பட்டியலில் வையுங்கள். 1 மி.மீ. சல்லடையால் தேடிவிட்டு ‘இல்லை’ என்று எழுதியதும், 0.5 மி.மீ. சல்லடையால் தேடிவிட்டு ‘இல்லை’ என்று எழுதியதும் ஒன்றல்ல. பின்னால் வருபவர் அந்த இரண்டையும் கூட்டிவிடாமல் தடுப்பது உங்கள் குறிப்பில் உள்ள அந்த ஓர் எண்தான். பிரித்து முடித்த எலும்புகளையும் சல்லடையில் தங்கிய இனம் தெரியாத துணுக்குகளையும் அதே காகித உறையில் திரும்ப இட்டு, உறையின் மேல் பிரித்த நாளையும் எழுதி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் கண் இன்னும் பழகியிருக்கும்போது அவற்றை மீண்டும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.